கானற்பதிக்கு நாற்பது நாள் நடை

பழனி அடிவாரத்தில் ஞானவேல் பார்த்த வேலை, வருகிறவர்களை விரட்டுவது. தப்பாக நினைக்க வேண்டாம். அங்கே ஒரு சத்திரத்துக்கு அவர்தான் மேற்பார்வை. ரயிலிலும் மாட்டு வண்டியிலும், காவடி எடுத்துக் கால்நடையாகவும் வந்து சேருகிற சனம், பாயை விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரித்து அப்படியே சாய்ந்துவிடப் பார்க்கும். ஞானவேல் வாசலில் நின்று சத்தம் போடுவார். "அய்யா, சாஞ்சிட்டீங்கன்னா எந்திரிக்க மாட்டீங்க. மொதல்ல போயி முடிய எறக்குங்க. மத்த சோலியெல்லாம் அப்புறம். வேண்டுதலத் தள்ளிப்போடாதீங்க, வெரசாப் போங்க!" அந்தத் தொண்டைக்குப் பயந்தே எழுந்து போய் மொட்டை போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர்.

ஊரையெல்லாம் இப்படி விரட்டியடித்த மனிதர், தன் வீட்டுப் பிள்ளையின் வேண்டுதலை ஆறு வருஷம் தள்ளிப்போட்டார். இதை எங்கே போய்ச் சொல்ல!

பிள்ளையின் பெயர் லீலா. பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து கண் செருகிவிட்டது. அவர் மனைவி தமயந்தி முற்றத்தில் நின்று மலையைப் பார்த்துக் கையெடுத்தாள். "பொழைக்க வச்சிரு முருகா. இவ மொத முடிய ஒனக்கே எறக்கிர்றேன்." பிள்ளை பிழைத்துக்கொண்டது. முடியை இறக்க வேண்டியதுதானே? முடியெடுக்கும் கொட்டகை அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் முதல் மொட்டைக்குப் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்பது முறை. தமயந்திக்கு உடன்பிறந்தவன் ஒருத்தன்தான், சேனாதிபதி. அவனோ இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிடந்தான். 'வார தைக்குக் கட்டாயம் வாறேன்' என்று கடிதம் வரும். தை வரும், அவன் வரமாட்டான். ஒரு வருஷம் லீவு இல்லை, ஒரு வருஷம் பாஸ்போர்ட் இல்லை, ஒரு வருஷம் உடம்புக்கு ஆகவில்லை.

ஒவ்வொரு தடவையும் ஞானவேல் கடிதத்தை மடித்துக்கொண்டே சொல்வார். "கெடக்கு விடு தமயந்தி. சாமி எங்க ஓடியா போகுது? நாம இங்கனதான இருக்கோம். அடுத்த தைக்குப் பாத்துக்குவோம்."

நூறு மைல் தள்ளியிருந்து வருகிறவன் இப்படிப் பேசமாட்டான். வந்தது வந்தோம், முடித்துவிட்டுப் போவோம் என்றுதான் பார்ப்பான். மலையடியிலேயே குடியிருக்கிறவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

லீலாவின் முடி இடுப்பைத் தாண்டி வளர்ந்தது. வாரி விடுவதற்குள் தமயந்திக்குக் கை கடுத்துப்போகும். தெருவில் கண்வைக்காத ஆள் இல்லை. ஐம்பத்து நாலாம் வருஷம் மார்கழிக் கடைசியில் பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மூன்றே நாள். இரட்டைச் சடையோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

எட்டாம் நாள் சேனாதிபதி வந்து இறங்கினான். தந்தி போய்ச் சேருமுன்பே அவன் தோட்டத்தை விட்டுக் கிளம்பியிருந்தான். கையில் மிட்டாய்ப் பெட்டி, மடியில் காதுகுத்துக்கு வாங்கிய தங்கக் கம்மல். வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, "எங்க என் மருமகப்புள்ள?" என்று கேட்டான். அதற்கு யார் பதில் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் பிறகு ஞாபகம் இல்லை. கம்மலைத் தமயந்தி சத்திரத்துக்கு வந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கொடுத்து உண்டியலில் போடச் சொன்னாள். தான் மலையேற மாட்டேன் என்றுவிட்டாள். "வேண்டுனத முடிக்காம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஏறுறது?" அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அப்புறம் வாய் மூடிக்கொண்டது.

ஞானவேலால் சத்திரத்து வாசலில் நிற்க முடியவில்லை. யாராவது மொட்டை போட்ட ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பங்குனியில் வேலையை விட்டுவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கோடைக்கானலுக்குப் போய்ச் சேர்ந்தார். பஜாரில் சம்சுல் ஆலம் பாயின் கடையில் வேலை கிடைத்தது. கம்பளி, குடை, ரப்பர் பூட்ஸ், சீசனுக்கு வருகிறவர்களுக்கு ஸ்வெட்டர். பாய் நல்ல மனிதர். நாயுடுபுரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டையும் அவரே பிடித்துக் கொடுத்தார்.

தமயந்தி பூண்டு மண்டிக்கு வேலைக்குப் போனாள். பூண்டி கிராமத்திலிருந்து குதிரைப் பொதியில் வரும் பூண்டைத் தரம் பிரிக்கிற வேலை. போவாள், வருவாள், சமைப்பாள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கோடைக்கானல் வந்தும் ஏழு மாதம் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் சூரியனே இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கடையைச் சாத்தினால் ஞானவேலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். வீட்டுக்கு வந்து, அவள் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மழையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஏதாவது பேசியாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"ஒரு ஊரு இருக்கு தமயந்தி. பாலைவனத்துக்கு நட்டநடுவுல. பேரு கானற்பதி. எந்தப் பக்கமிருந்து போனாலும் நாப்பது நாள் நடந்துதான் போகணும்."

முதுகு அசையவில்லை. அவர் விடவில்லை. அந்த ஊரில் ஒரு கோயில், செம்மண் நிறத்தில் கோபுரம், வழியெல்லாம் சனம், ஒட்டகத்தின் மேல் காவடி என்று அளந்துகொண்டே போனார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அளந்தார். மூன்றாம் வெள்ளிக்கிழமை, அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண்ணும் முடி இறக்குவதற்காக நடந்து போகிறாள் என்றார்.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "அந்தப் புள்ளைக்கு முடி எம்புட்டு இருக்கு?"

ஞானவேல் அழுதுவிட்டார். அழுதுகொண்டே, "இடுப்புக்குக் கீழ" என்றார்.

அன்றைக்குப் பிடித்ததுதான். கடையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தார். ஏதோ கதை எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர் ஊரையே கட்டினார். எந்தத் தெருவில் நிழல் எந்நேரம் விழும், மணற்காற்று அடித்தால் விளக்கை எங்கே வைப்பார்கள், மொட்டை போட்ட தலைக்குச் சந்தனம் கிடைக்காத ஊரில் எதைப் பூசுவார்கள் என்று ஒன்று விடாமல் எழுதினார். பாலைவனத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் கானற்பதியில் காலையில் மூடுபனி இறங்கியது, கோயில் மதிலில் பாசி பிடித்தது. நோட்டைப் படித்த சம்சுல் ஆலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்ப்பா ஞானவேலு, பாலைவனத்துல ஏதுப்பா பாசி? எங்க அத்தா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்து சொல்லுவாங்க, மணல்ல செருப்போட நின்னாலே உள்ளங்கால் கொப்பளிச்சுப்போகுமாம். ஒன் ஊருல அம்புட்டுச் சனம் தண்ணிக்கு என்ன பண்ணுது?"

ஞானவேலுக்கு அது தோன்றவே இல்லை. நாலு நாள் யோசித்தார். பிறகு எழுதினார்: கானற்பதியில் ஊற்று கிடையாது. பெரிய கல்தொட்டி ஒன்றுதான். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் ஊர்த் தண்ணீரை ஒரு கலயத்தில் கொண்டுவந்து அதில் ஊற்றவேண்டும். யார் எவ்வளவு தாகத்தில் வந்தாலும் வழியில் அந்தக் கலயத்தைத் தொடுவதில்லை. இதைப் படித்துக் காட்டியபோது தமயந்தி, "அப்ப அந்தப் புள்ள கையில சண்முகநதித் தண்ணி இருக்கும்" என்றாள். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த ஊருக்கு அவர் போட்ட சட்டங்களில் முதலாவது, அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. பூசை செய்கிறவர், முடி எடுக்கிறவர், சோறு பொங்குகிறவர் எல்லாரும் யாத்திரையாக வந்தவர்கள்தான். ஒரு மாதம் இருந்து வேலை பார்த்துவிட்டு, அடுத்து வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். இரண்டாவது, அங்கே நல்ல நாள், கெட்ட நாள் கிடையாது. தை கிடையாது. வந்து சேர்ந்த நேரமே நேரம். மூன்றாவதாக மடிக்காரர்கள். கொட்டகை ஓரத்தில் நீளமான கல்திண்டில் வெள்ளை வேட்டி கட்டி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தாய்மாமன் இல்லாத பிள்ளைகள், மாமன் வந்து சேராத பிள்ளைகள் யார் மடியில் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஏன் என்று கேட்கக் கூடாது.

ஒரு நாள் பாய் கேட்டார். "எல்லாஞ் சரி. ஊரக் கொண்டுபோயி எதுக்குப்பா அவ்வளவு தூரத்துல, வேகாத வெயில்ல வச்ச? நம்ம மலை மாதிரி குளுகுளுன்னு வைக்கக் கூடாதா?"

"பக்கத்துல இருந்தா போகமாட்டாங்க பாய்" என்றார் ஞானவேல். குடைகளை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "நான் போகல பாய். கூப்புடு தூரம். ஆறு வருசம் நான் போகல."

பாய் அதற்கப்புறம் அந்த ஊரைப் பற்றிக் கேலி பேசியதில்லை.

தமயந்தி கொஞ்சம் கொஞ்சமாக மனுஷியானாள். மண்டியில் மற்றப் பெண்களோடு பேசினாள். மேகம் இல்லாத காலைகளில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போய் நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் கீழே, வெகு தூரத்தில், பழனி மலை ஒரு கடுகாகத் தெரியும். பார்த்துவிட்டு வேலைக்குப் போவாள். அவரையும் கூப்பிடுவாள். அவர் ஒருநாளும் போனதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. அவர் படிப்பார், அவள் பூண்டு வாசம் மாறாத கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஒன்றைத் தவிர. நாற்பது நாள் நடை என்று கிளம்பிய பிள்ளை, ஊர் போய்ச் சேரவே இல்லை.

ஒரு வருஷம் மணற்புயலில் வழி தவறினாள். ஒரு வருஷம் ஒட்டகக்காரர்களோடு வேறு திசையில் போனாள். அப்புறம் கலயம் உடைந்து, தண்ணீருக்காகத் திரும்பி நடந்தாள். கோபுரம் கண்ணுக்குத் தெரியும், அடுத்த வாரம் அது கானல் என்று ஆகிவிடும். நோட்டுகள் பதினெட்டு ஆயின. "போதுங்க, புள்ளையை ஊருக்குள்ள விடுங்க. காலு நோகாதா?" என்பாள் தமயந்தி. "வர்ற வாரம்" என்பார் இவர்.

அவர் மனதில் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். ஊருக்குள் விட்டால் முடியை எடுத்துவிடுவார்கள். முடி எடுத்துவிட்டால் வேண்டுதல் முடிந்தது. முடிந்தபின் அந்தப் பிள்ளைக்கு அவரிடம் என்ன வேலை? நடக்கிறவரைக்கும் அவள் இருக்கிறாள். வெயிலோ மணலோ, இரட்டைச் சடை ஆட நடந்துகொண்டிருக்கிறாள். ஞானவேலுக்கு அது போதும். தமயந்திக்குப் போதாது. அவள் ஒன்றே ஒன்றுக்காகத்தான் ஏழு வருஷம் காது கொடுத்தாள். பிள்ளையின் வேண்டுதல் எந்த ஊரிலாவது, கதையிலாவது, நிறைவேற வேண்டும் என்று.

அறுபத்திரண்டாம் வருஷக் குளிரில் தமயந்திக்கு நெஞ்சில் சளி கட்டியது. கஷாயத்துக்கு அடங்கவில்லை. மார்கழியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பேசினால் இருமல். அப்படியும் ஒரு காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"புள்ள போய்ச் சேந்துருச்சா?"

"வர்ற வெள்ளிக்கெழம சேந்துரும் தமயந்தி. நீ நல்லாகி வீட்டுக்கு வா."

அவள் பிடித்திருந்த கையை விட்டாள். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "இதையேதான அப்பவும் சொன்னீங்க" என்றாள்.

ஞானவேல் எழுந்து வெளியே வந்தார். வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தார். நோட்டு கையில் இல்லை. சட்டைப் பையில் கடை ரசீதுத்தாள் சுருட்டி வைத்திருந்தார். அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். சாப்பிடப் போகவில்லை. பாய் தேடி வந்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு, டீ வாங்கி வைத்துவிட்டுப் போனார். அது ஆறிக் கிடந்தது. ஏழு வருஷம் நடந்த பிள்ளையை அன்று மத்தியானம் அவர் ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது மணி நாலரை.

தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். வார்டு ஆயா பொன்னுத்தாய் வாசலில் கையை நீட்டி மறித்தாள். நல்ல பெண் அவள், கெட்ட எண்ணம் இல்லை.

"இப்பத்தாண்ணே கண்ணு அசந்தாங்க. மூணு நாளா தூக்கமே இல்ல அவுகளுக்கு. எழுப்பாதீங்க. நாளைக்கி வெள்ளனே வந்து படிச்சுக் காட்டுங்க."

தமயந்தி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் நோவு தெரியவில்லை. ஞானவேல் பார்த்தார். தாள்களை மடித்துப் பையில் வைத்தார்.

"சரிம்மா. நாளைக்கி வர்றேன்" என்றார்.

அட மனுஷா! உலுக்கி எழுப்பியிருக்கக் கூடாதா? காதோரமாக நாலு வரி படித்திருக்கக் கூடாதா? தூங்குகிறவள் காதிலும் விழுந்திருக்குமே. ஆனால் யாரைச் சொல்லி என்ன? தூங்குகிற நோயாளியை எழுப்ப யாருக்குத்தான் மனசு வரும்.

விடிவதற்குள் தமயந்தி போய்விட்டாள்.

வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். மண்டிப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஞானவேல் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து பையிலிருந்து தாள்களை எடுத்தார். பிரித்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வெள்ளிக்கிழமை படிக்கிற அதே குரலில் படிக்க ஆரம்பித்தார். கூட்டம் திகைத்துப்போயிற்று. "ஆளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று ஒருத்தி முனகினாள். யாரோ தாளைப் பிடுங்கப் போனார்கள். சம்சுல் ஆலம் குறுக்கே வந்து நின்றார். "படிக்கட்டும், விடுங்க. அந்தம்மாவுக்குத்தான் படிக்கிறாரு. யாரும் தொடாதீங்க."

படித்தது இதுதான். உச்சி வெயிலில் அந்தப் பெண் கானற்பதிக்கு வந்து சேர்ந்தாள். சண்முகநதித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள். கொட்டகையில் மடிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் தெரியாத முகங்கள். பிள்ளை தயங்கித் தயங்கி ஒவ்வொருவராகத் தாண்டிப் போனாள். கடைசியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் பூண்டு வாசம் அடித்தது. மாமன் மடிதான் வேண்டும் என்பது பழனி முறை, இந்த ஊரில் அம்மா மடியும் ஆகும் என்றாள் அவள். பிள்ளை ஏறி உட்கார்ந்துகொண்டாள். முடி இறங்கியது.

அதற்கு மேல் தாளில் ஒன்றும் இல்லை. ஞானவேல் அதை மடித்துத் தமயந்தியின் கைக்குள் வைத்தார்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும், பாயிடம் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். பஸ்ஸில் போகவில்லை. மலையிலிருந்து இறங்கும் பழைய குதிரைப் பாதையில் நடந்தே போனார். எட்டு வருஷத்துக்குப் பிறகு சண்முகநதியில் குளித்து, ஈர வேட்டியோடு முடியெடுக்கும் கொட்டகைக்குப் போய்த் தலையைக் கொடுத்தார்.

"எந்த ஊருங்க?" என்றார் நாவிதர்.

"இந்த ஊருதான்."

"உள்ளூரா? உள்ளூர்க்காரவுக இங்கிட்டு வர்றதே அபூர்வமுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் வேலையை முடித்தார்.

ஞானவேல் தலையைத் தடவிக்கொண்டு எழுந்தபோது, பக்கத்தில் ஒரு சண்டை. அய்யம்பாளையத்திலிருந்து வந்த இளம் தம்பதி. பெண்ணின் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை, சுருள் முடி, பாவாடை. தாய்மாமன் வத்தலக்குண்டில் பஸ்ஸை விட்டுவிட்டானாம். அவள் கண் கலங்கி நின்றாள்.

"அழுதா வந்துருவானா ஒன் அண்ணன்?" என்றான் புருஷன். "சாமி எங்கயும் போயிறாது. அடுத்த தைக்குப் பாத்துக்கலாம், வா."

ஞானவேல் அவன் முன்னால் போய் நின்றார். சத்திரத்து வாசலில் நின்று போட்ட அந்தப் பழைய சத்தம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "தம்பி, அந்தப் பேச்சுப் பேசாதீங்க!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவர் வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு அங்கே கிடந்த ஒரு கல்லின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"ஏம் மடியில உக்கார வைங்க தாயி. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

புருஷன் விழித்தான். அந்தப் பெண் அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, புருஷனைக் கேட்காமலே, குழந்தையை அவர் மடியில் இறக்கிவிட்டாள். அது வீறிட்டு அழுதது. ஞானவேல் அதன் நாடியைப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டார். கத்தி ஓட, முடி சுருள் சுருளாக அவர் வேட்டியில் வந்து விழுந்தது.

அழுகை அடங்கினபிறகு, அந்தப் பெண் மரியாதைக்குக் கேட்டாள். "ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களாய்யா?"

"ஒரு பொண்ணு இருக்கு தாயி" என்றார் ஞானவேல். "அவளுக்கும் போன மாசந்தான் முடி எறக்குனோம். அவ அம்மா மடியில வச்சு."

மடியில் கிடந்த முடியை ஒன்று விடாமல் பொறுக்கி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலம்வரை அவர் அந்தக் கல்லை விட்டு எழுந்திருக்கவில்லை.